ஷட்டர் இறங்க இடம் பண்ணுவது: சொலிட் சர்பேஸ் ஜன்னல் பலகையின் காதை நறுக்கும் முறை

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு டீச்சர் வீட்டு மாடி அறைக்கு ஷட்டர் பொருத்தப் போயிருந்தேன். ஷட்டர் என்றதும் கடை வாசலில் கடகடவென்று இழுத்து மூடுகிற இரும்பு ஷட்டரை நினைக்க வேண்டாம். இது ஜன்னலுக்கு உள்பக்கம், அறைக்குள் நிற்கிற மரக்கதவு. குறுக்கே பட்டைகள் வரிசையாக இருக்கும், பட்டையைத் திருப்பினால் வெளிச்சம் கூடும், குறையும். வெளிநாட்டில் இதைப் ‘பிளாண்டேஷன் ஷட்டர்’ என்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும், ஏனென்றால் நான் கண்ட தோட்டத்து பங்களாக்களில் எல்லாம் கண்ணாடி ஜன்னலும் கனத்த திரைச்சீலையும்தான், தொழிலாளர்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளில் அந்தத் திரைச்சீலையும் கிடையாது.

டீச்சர் அந்த அறையை சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாதம் வெசாக் வரைக்கும் ஆள் வந்துகொண்டே இருக்கும். திரைச்சீலை போட்டால் மூடுபனிக்கு மாதம் ஒருமுறை பூஞ்சை பிடிக்கிறது என்று ஷட்டருக்கு மாறினார். ஷட்டரும் பிரேமும் தச்சுப் பட்டறையில் செய்து வந்தாயிற்று. நிறுத்திப் பார்த்தால் இறங்கவில்லை. ஜன்னலின் அடியில் கிடக்கிற, பிசினும் தூளும் கலந்து வார்த்த சொலிட் சர்பேஸ் என்கிற வெள்ளைப் பலகையின் இரண்டு முனையும் சுவருக்கு மேல் துருத்திக்கொண்டு பிரேமின் காலை, அதாவது பக்கத்தில் செங்குத்தாக நிற்கிற சட்டத்தை, தடுக்கிறது.

“தம்பி, அந்த மூலையைக் கொஞ்சம் தட்டி விட்டால் போதாதா?” என்றார்.

“தட்டினால் மூலையோடு நிற்காது டீச்சர், பலகையே போய்விடும்” என்றேன்.

அந்த மூலையை எப்படி எடுப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். இதுவரை சொலிட் சர்பேஸைத் தொடாதவர்களும் செய்யலாம், அவசரப்படாமல் இருந்தால்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். சுவர்ப் பூச்சைத் தாண்டி அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முன்பகுதி மூக்கு. அந்த மூக்கு ஜன்னல் வாயைத் தாண்டி இடமும் வலமும் சுவரின் மேல் போகிறதே, அது காது. காது அழகுக்குத்தான், எதையும் தாங்குவதில்லை.

உங்கள் பலகை எது?

வெள்ளையாக, வழவழப்பாக இருப்பதெல்லாம் சொலிட் சர்பேஸ் இல்லை. இது தெரியாமல் கருவியைத் தூக்கினால் பலகையும் கெடும், நெஞ்சும் கெடும்.

சொலிட் சர்பேஸ் என்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசினும், மீதி பாக்சைட்டிலிருந்து எடுக்கிற அலுமினா டிரைஹைட்ரேட் என்ற வெள்ளைத் தூளும் கலந்து வார்த்தது. 1967ல் டுபாண்ட் நிறுவனம் கோரியன் என்ற பெயரில் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு பல கம்பனிகள் இதே மாதிரி செய்கின்றன. மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், ஒரே பொருள். அதனால் வெட்டிய வாயைத் தேய்த்தால் பழைய மேற்பரப்பு போலவே வந்துவிடும், இதுதான் இந்தப் பொருளில் எனக்குப் பிடித்த குணம். கட்டாரில் இருந்த காலத்தில் சமையலறை மேசைகளாக இதை வெட்டி வெட்டி ஒட்டியிருக்கிறேன், இரண்டு துண்டு சேர்ந்த இடத்தை நானே பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டில் கண்டுபிடிக்க, பலகையின் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடமாகப் பார்த்து 120 நம்பர் சேண்ட்பேப்பரால் நாலு தடவை தேயுங்கள். வெள்ளைத் தூள் வந்து உள்ளேயும் அதே நிறம் தெரிந்தால் பெரும்பாலும் சொலிட் சர்பேஸ். மேலே கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோல், அதற்குக் கீழே வேறு நிறத்தில் சொரசொரப்பு என்றால் அது வார்த்த செயற்கை மார்பிள். அதையும் வெட்டலாம், ஆனால் வெட்டுவாய் அசிங்கமாகத் தெரியும், தேய்த்தாலும் பழைய பளபளப்பு திரும்பாது. சேண்ட்பேப்பர் வழுக்கிக்கொண்டு போனால், குளிர்ந்த காலையில் கை வைத்ததும் சில்லென்று இழுத்தால், கிரானைட்டாகவோ குவார்ட்ஸாகவோ இருக்கும். சொலிட் சர்பேஸ் அவ்வளவு குளிராது.

குவார்ட்ஸ் என்றால் நிறுத்திவிடுங்கள். அதன் தூளில் சிலிக்கா நிறைய. ஈரமில்லாமல் வெட்டி அந்தத் தூளைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் கல்லாகிப் போகிற சிலிக்கோசிஸ் வருகிறது, அவுஸ்திரேலியா அந்தக் கல்லையே 2024 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது. வீட்டு அறைக்குள் வைத்து அறுக்கிற பொருள் அது இல்லை. சொலிட் சர்பேஸின் தூள் அந்த வகை அல்ல, அதற்காக மாஸ்க் போடாமல் வேலை செய்யலாம் என்று அர்த்தமில்லை. மாவு மாதிரி மிக நைசான தூள், தொண்டையைப் பிடிக்கும். என்95 மாஸ்க், கண்ணாடி இரண்டும் வேண்டும்.

வெட்டாமல் முடியுமா?

வெட்டினால் திரும்ப ஒட்டுவது தனி வேலை என்பதால் முதலில் இதை யோசியுங்கள்.

காது நீளமாக இருந்தால், அதாவது பிரேமின் கால் முழுவதும் அதன்மேல் உட்காருமானால், காலின் நுனியை மட்டும் வெட்டி பலகையின் மேல் நிறுத்திவிடலாம். மரத்தை வெட்டுவது சுலபம், பிழைத்தால் இன்னொரு கால் செய்யலாம். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

ஜன்னல் குழி ஆழமாக இருந்தால் பிரேமையே குழிக்குள் வைத்துவிடலாம், மூக்கைத் தொடவே வேண்டாம். ஆனால் பட்டை திரும்ப இடம் வேண்டும். 63 மில்லிமீட்டர் பட்டை, 27 மில்லிமீட்டர் தடித்த கதவு என்றால், பட்டையை நேராகத் திருப்பும்போது முன்னும் பின்னும் 18 மில்லிமீட்டர் வெளியே வரும். 89 மில்லிமீட்டர் பட்டைக்கு 31. ஜன்னலின் கொக்கி, கைப்பிடி எவ்வளவு உள்ளே நீட்டுகிறது என்று அளந்து, அதற்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இதை அளக்காமல் ஷட்டர் செய்யக் கொடுத்துவிட்டு, பிறகு கைப்பிடியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வாடகை வீடென்றால் மூன்றாவது வழி: மூக்கு எவ்வளவு நீட்டுகிறதோ அதே தடிப்பில் மரச்சட்டத்தைச் சுவரில் அடித்து, பிரேமை அதற்கு மேல் நிறுத்துவது. பக்கத்திலிருந்து பார்த்தால் பெட்டி ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். வீட்டுக்காரரோடு சண்டை வராது.

டீச்சர் வீட்டில் மூன்றும் சரிவரவில்லை. குழியின் வாய் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் 14 மில்லிமீட்டர் கோணல், அதனால் சுவரின் மேல் படிகிற முகமுள்ள பிரேமைத்தான் செய்திருந்தார்கள். அந்த முகம் சுவரின்மேல் 40 மில்லிமீட்டர், குழிக்குள் 25 மில்லிமீட்டர். காதோ இடப்பக்கம் 25, வலப்பக்கம் வெறும் 12. பழைய மேசன் பாஸ் கண்மட்டத்தில் வைத்தது போலிருக்கிறது. காலை அதன்மேல் நிறுத்தினால் பாதிக் கால் அந்தரத்தில் தொங்கும். சரி, வெட்டத்தான் வேண்டும்.

அளவும் கோடும்

டேப்பை வைத்து அளந்து எழுதி, அந்த எண்ணைப் பலகையில் கோடாகப் போடுவதுதான் எல்லோரும் செய்வது. நம் பக்கத்துச் சுவர்களுக்கு அது ஒத்துவராது. பூச்சு ஒரு இடத்தில் தடிப்பு, இன்னொரு இடத்தில் மெலிசு. பிரேமையே கொண்டுவந்து நிறுத்திக் கோடு போடுங்கள்.

காதின் மேலும் மூக்கின் மேலும் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள், சில்லு பறப்பதும் குறையும், பென்சில் கோடும் தெரியும். பிரேமை அது நிற்கப்போகிற இடத்துக்கு நேர் மேலே, பலகையில் முட்டுகிற அளவுக்கு இறக்கி, இரண்டு பக்கமும் சமமான பலகைத்துண்டு கொடுத்து, ரசமட்டம் வைத்து நேராக்குங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது முகத்தின் உள் ஓரத்தைக் கூரான பென்சிலால் பலகையில் இறக்குங்கள். அந்தக் கோட்டிலிருந்து இன்னும் 2 மில்லிமீட்டர் ஜன்னலின் நடுப்பக்கமாகத் தள்ளி இரண்டாவது கோடு. அதுதான் வெட்டுக்கோடு. அந்த 2 மில்லிமீட்டரை வீணென்று நினைக்காதீர்கள். இந்தப் பலகை ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு 0.03 மில்லிமீட்டர் நீளும். 1.8 மீட்டர் பலகை, இரவுக் குளிருக்கும் பகல் வெயிலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இறுக்கி வைத்தால் அது பிரேமைத் தள்ளும், அல்லது தன்னையே உடைத்துக்கொள்ளும்.

ஆக, டீச்சர் வீட்டு இடப்பக்கம் எடுக்க வேண்டிய துண்டு: காது 25, அதோடு குழிக்குள் 27, மொத்தம் 52 மில்லிமீட்டர் அகலம், ஆழம், மூக்கு சுவரிலிருந்து நீட்டுகிற 32 மில்லிமீட்டர். கணக்கு போட்டு முடித்ததும் அதே அளவில் கார்ட்போர்ட் மட்டையை வெட்டி வைத்துப் பாருங்கள். அசட்டு வேலை போலிருக்கும். எனக்கு இரண்டு தடவை இடமும் வலமும் மாறிப்போனதை அந்த மட்டைதான் காட்டிக்கொடுத்தது.

இன்னொன்று, குனிந்து மூக்கின் அடியைப் பாருங்கள். முன்னிருந்து பார்க்க ஒன்றரை அங்குலத் தடிப்பாகத் தெரியும், ஆனால் பலகை 12 மில்லிமீட்டர்தான். முன் ஓரத்தில் ஒரு பட்டியை ஒட்டித் தடிப்பாகக் காட்டியிருப்பார்கள். பட்டிக்கும் சுவருக்கும் நடுவே வெறும் பொந்து. நறுக்கினால் அந்தப் பொந்து வெளியே தெரியும். டீச்சர் வீட்டில் பொந்து 20 மில்லிமீட்டர், பிரேமின் முகமும் 20 மில்லிமீட்டர் தடிப்பு, அதனால் கால் வந்து அப்படியே மூடிக்கொண்டது. உங்களுக்கு அப்படி அமையாவிட்டால், வெட்டி எடுத்த காதிலிருந்தே ஒரு சின்னத் துண்டை அறுத்து அந்த வாயை அடைக்க வேண்டும். அதனால் வெட்டிய காதை எறியாதீர்கள். ஒட்டுவதற்கு அதே நிறத்தில் வருகிற இரண்டு பாகம் கலக்கும் அக்ரிலிக் பசைதான் சரி. டவுன் ஹார்ட்வெயார் கடையில் அகப்படாவிட்டால், தேய்க்கும்போது வருகிற தூளைச் சேர்த்துவைத்து வெள்ளை எபொக்சியில் குழைத்து ஒட்டலாம், உற்றுப் பார்த்தால் கோடு தெரியும், யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்.

மூலைதான் விஷயம்

ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் நுவரெலியாவில் ஒரு விடுதியில் இதே வேலை. சுழலும் பிட்டால் பலகை வெட்டுகிற ரூட்டர் கருவியைக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு, கையில் இருந்த, வட்டத் தட்டு சுழன்று அறுக்கிற கிரைண்டரால் இரண்டே நிமிடத்தில் வெட்டி எறிந்தேன். மூலை சதுரமாக, கத்தியால் வெண்ணெய் வெட்டினது போல். விடுதிக்காரர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மூன்று மாதம் கழித்து ஃபோன். போய்ப் பார்த்தால் அந்தச் சதுர மூலையிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு கிளம்பி, ஜன்னலை நோக்கி ஒரு சாண் நீளம் ஓடியிருக்கிறது.

நடந்தது என்னவென்றால், கிரைண்டரின் தட்டு வட்டம். அடிவரை அறுபட வேண்டுமென்றால் மேலே கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படித் தாண்டின கீறல் ஒரு நகக்கண் அளவு. அதோடு மூலையும் சதுரம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில், தை மாசியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி விழுகிற ஊர் அது. பகல் பத்து மணிக்குக் கண்ணாடி வழியே வெயில் நேராகப் பலகையில் அடிக்கும். ஒவ்வொரு நாளும் சுருங்கி, நீண்டு, சுருங்கி, நீண்டு, அந்த இழுப்பெல்லாம் போய்ச் சேருகிற இடம் அந்தக் கூர்மூலை. துணியில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டுப் போட்டு இழுத்தால் அங்கிருந்துதானே கிழியும், அதேதான். அந்தப் பலகையை என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன்.

அதனால் உள்மூலை எப்போதும் வளைவாக இருக்க வேண்டும். குறைந்தது 5 மில்லிமீட்டர் ஆரம். அதற்குச் சுலபமான வழி, அறுப்பதற்கு முன்னாலேயே மூலையில் 12 மில்லிமீட்டர் துளை போட்டுவிடுவது. துளையின் நடு, இரண்டு வெட்டுக்கோட்டிலிருந்தும் 6 மில்லிமீட்டர் கழிவுப் பக்கமாக இருக்கட்டும். அப்போது துளையின் ஓரம் இரண்டு கோட்டையும் தொட்டுக்கொண்டு நிற்கும், வாள் வந்து அந்த வட்டத்துக்குள் முடிந்துவிடும், தாண்டிப் போக வழியில்லை.

துளை போடும்போது டிரில்லின் வயிறு சுவரில் இடிக்கும். நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டு அதன் நுனியில் பிட்டை மாட்டுங்கள். டிரில் உயரப் போய்விடும், இரண்டு டிகிரி சாய்ந்தாலும் 12 மில்லிமீட்டர் தடிப்பில் பெரிதாகத் தெரியாது. முதலில் 4 மில்லிமீட்டர் பிட்டால் வழி பிடித்து, பிறகு 12. சிமெந்துக்குப் போடுகிற ஹேமர் அடியை நிறுத்திவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள், அந்த அடி இருந்தால் அடிப்பக்கம் சில்லுச் சில்லாகப் பெயரும். பொந்துக்குள் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்து, பிட் வெளியே வருகிற நேரத்தில் அழுத்தத்தைக் குறைத்தால் வாய் சுத்தமாக வரும்.

அறுப்பது

இதற்கு ரூட்டர்தானே நல்லது என்று கேட்பீர்கள். மேசையில் வைத்து வெட்டுவதானால் ஆமாம், கார்பைட் பிட் போட்ட ரூட்டரை மிஞ்சியது இல்லை. ஆனால் பலகை சுவரில் இருக்கும்போது ரூட்டரின் அடித்தட்டு சுவரில் இடித்துக்கொண்டு பிட்டை மூலைக்குள் விடாது. பலகையைக் கழற்றலாமே என்றால், சிலிக்கோனில் உட்கார்ந்த பலகையை எடுக்கும்போது பூச்சும் கூடவே வரும். ஜிக்சோ வேண்டாம், மேலும் கீழும் உதைத்து ஓரத்தைக் கொத்தும், அந்தக் கொத்தலும் வெடிப்புக்கு விதைதான்.

எனக்கு இந்த வேலைக்குக் கைகொடுப்பது இரண்டு: இழுத்து அறுக்கிற நைஸ் பல் கைவாள் ஒன்று, ஆடி ஆடி அறுக்கிற மல்டிடூல் ஒன்று. மல்டிடூலுக்குக் கார்பைட் பல் பிளேடு வாங்குங்கள். சாதாரணப் பிளேடு இரண்டாவது காதுக்கு முன்னாலேயே மொட்டையாகிவிடும், பலகையில் இருக்கிற அந்த அலுமினாத் தூள் பல்லைத் தின்றுவிடும்.

தரையில் உரப்பையை விரியுங்கள், அறைக் கதவை மூடி, கதவின் அடியில் ஈரத்துணி வையுங்கள். இல்லாவிட்டால் கீழ்வீட்டு சாம்பிராணித் தட்டு வரைக்கும் வெள்ளைத் தூள் போய்ச் சேரும். வெக்யூம் இருந்தால் இன்னொருவர் அதன் வாயைப் பிளேடுக்குப் பக்கத்தில் பிடிக்கட்டும். மழைக்காலமென்றால் எக்ஸ்டென்ஷன் வயர் நனைந்த ஜன்னல் ஓரத்தில் கிடக்காமல் பாருங்கள், 230 வோல்ட் கரண்ட்.

சின்னக் காதில் தொடங்குங்கள், கை பழகட்டும். முதல் அறுப்பு மூக்கின் முன்னாலிருந்து துளையை நோக்கி. கோட்டை ஒட்டி நேரான மரச்சட்டம் ஒன்றை இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, வாளை அதன்மேல் சாய்த்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே அரை மில்லிமீட்டர் விட்டு இழுங்கள். முன்பட்டி இருக்கிற இடத்தில் 38 மில்லிமீட்டர் தடிப்பு, அங்கே கை வலிக்கும், அதைத் தாண்டினால் பிறகு வெறும் 12 தான். வாள் துளையில் விழுகிற சத்தம் மாறும், அங்கே நிறுத்துங்கள்.

இரண்டாவது அறுப்பு துளையிலிருந்து சுவரோடு ஒட்டிக் காதின் முடிவு வரை. இங்கேதான் மல்டிடூல். பிளேடைச் சுவரில் தட்டையாகப் படுக்கவைத்து மேலிருந்து கீழே இறக்க வேண்டும். பூச்சு கீறாமல் இருக்கச் சுவருக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகரத் துண்டு சொருகுங்கள், நான் பழைய பால்மா டின்னை வெட்டி விரித்து வைத்திருக்கிறேன். வேகத்தைப் பாதியில் வைத்து, அழுத்தாமல், 3 மில்லிமீட்டர் இறக்கி, எடுத்து, மறுபடி இறக்கி. தூள் வெள்ளையாக உதிரும்வரை சரி. தூள் உதிராமல் பிசுக்குப் பிசுக்கென்று பிளேடில் ஒட்டி, கருகின வாசம் அடித்தால் சூடேறிவிட்டது, ஐந்து நிமிடம் விடுங்கள். டீச்சர் அந்த நேரம் பார்த்து பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் கொண்டு வந்தார், அது பத்து நிமிடமானது.

கடைசி ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும்போது காதை அடியிலிருந்து கையால் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தாங்காவிட்டால் காது தன் பாரத்தில் மடங்கி, அறுபடாமல் மிச்சமிருக்கிற இடத்தில் முறியும், முறிவது எப்போதும் நமக்கு வேண்டிய பக்கத்தைத்தான் பிய்த்துக்கொண்டு போகும்.

வாயைத் தேய்த்தல்

அரை மில்லிமீட்டர் விட்டோமே, அதை ஒரு தட்டை அரத்தால் கோடு வரைக்கும் கொண்டுவாருங்கள். அரத்தை ஒரே திசையில், மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். கீழிருந்து மேலே தள்ளினால் மேல் ஓரம் பெயரும். மூலை வளைவுக்கு 10 மில்லிமீட்டர் தடியில் சேண்ட்பேப்பரைச் சுற்றி உருட்டித் தேயுங்கள். விரலை வைத்துத் தடவினால் எங்கேயும் நகம் மாட்டக்கூடாது. நகம் மாட்டுகிற இடம் இருந்தால் அது ஒரு கீறல், அதை விடாதீர்கள்.

பிறகு 120, 180, 240 என்று ஒரு மரக்கட்டையில் சேண்ட்பேப்பரைச் சுற்றித் தேய்த்துக்கொண்டு போங்கள். ஒரு நம்பரிலிருந்து அடுத்ததுக்குப் போகுமுன் தூளைத் துடைத்து, டோர்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முந்தின நம்பரின் கோடு தெரிந்தால் இன்னும் முடியவில்லை. மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் லேசாக உருட்டிவிடுங்கள், பழைய மூக்கின் வளைவுக்குச் சேர்கிற மாதிரி. கடைசியில் பாத்திரம் தேய்க்கிற பச்சை நார், கொஞ்சம் தண்ணீர், வட்டவட்டமாக. பழைய பலகையின் மங்கலான மினுமினுப்பு அதிலேயே வந்துவிடும்.

பிரேமுக்கும் ஒரு வெட்டு

பலகையை மட்டும் வெட்டினால் பிரேம் இறங்காது. குழிக்குள் போகிற பகுதி பலகையின் மேல் நிற்க வேண்டும், சுவர்மேல் படிகிற முகம் மட்டும் மூக்கைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். எனவே காலின் அடியில், உள்பகுதியை மட்டும் மூக்கின் தடிப்பளவு, நமக்கு 38 மில்லிமீட்டர், வெட்டி எடுக்க வேண்டும். அந்த 38 மில்லிமீட்டர் நீளத்துக்கு முகத்தின் பின்பக்க உள் ஓரத்தை உளியால் 6 மில்லிமீட்டர் சரிவாகச் சீவுங்கள். மூலையை வளைவாக விட்டோம் அல்லவா, சீவாவிட்டால் மரத்தின் கூர் ஓரம் அந்த வளைவில் ஏறி உட்கார்ந்து, பிரேம் சுவரில் ஒட்டாமல் நிற்கும். நானே முதல் காலில் இதை மறந்து, சுவர்தான் கோணல் என்று கால் மணி நேரம் சுவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

புதிதாக வெட்டின மரவாய் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடியுங்கள், முக்கியமாக அடி நுனிக்கு. மூடுபனி ஈரம் மரத்துக்குள் ஏறுவது அந்த வெட்டுவாய் வழியாகத்தான், ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் சுவரே வியர்க்கும். இதே காரணத்துக்காக ஷட்டர் கதவுக்கும் பிரேமுக்கும் நடுவே சுற்றிவர 3 மில்லிமீட்டர் விடுங்கள். ஜனவரி வெயிலில் கச்சிதமாகப் பொருந்துகிற கதவு ஜூலையில் திறக்காது.

பெயின்ட் காய்ந்ததும் பிரேமை இறக்கி, ரசமட்டம் பார்த்து, ஆணி போடாமல் ஸ்குரூவால் சுவரில் பிடியுங்கள். பிரேமைப் பலகையோடு சேர்த்து ஸ்குரூ போட வேண்டாம், இரண்டும் தனித்தனியாக அசையட்டும். பலகைக்கும் காலுக்கும் நடுவே விட்ட 2 மில்லிமீட்டரில் வினாகிரி வாசம் வராத நியூட்ரல் சிலிக்கோன் போடுங்கள். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிக்கோனை இழுத்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, காய்வதற்கு முன் டேப்பை உரித்துவிடுங்கள். சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே இருக்கிற இடைவெளிக்குப் பெயின்ட் பிடிக்கிற அக்ரிலிக் அடைப்பு. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் சிலிக்கோனின் மேல் பெயின்ட் நிற்காமல் உரிந்துகொண்டே இருக்கும்.

சிலிக்கோன் இறுக ஒருநாள் விட வேண்டும். அன்றைக்கு ராத்திரி ஷட்டர் கதவை மாட்டாமல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை, மறுநாள் காலை ஆள் வருகிறார்கள் என்றார். ஜன்னலுக்குப் பழைய திரைச்சீலையையே ஓர் இரவுக்குத் திரும்பத் தொங்கவிட்டோம்.